தவிட்டுக்கு வாங்கிய மாப்பிள்ளை

ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் என்றால் எந்த வீட்டுக்கு முதலில் போவது? முத்துராணிக்கு ஒரு வாரமாக இதே யோசனை. நெடுங்கால் கிராமத்துச் சுடலைவடிவு தன் மகன் பேச்சிராஜுக்குக் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தாள். அடுத்த தெரு மாரிக்கண்ணு, தன் மகன் பிச்சைக்குக் கல்யாணம் என்று சொல்லி, "வராம இருந்திராதீய டீச்சர், பொறவு நான் பேசவே மாட்டேன்" என்று மிரட்டியும் வைத்திருந்தாள். இரண்டு பேருமே வேண்டியவர்கள். இரண்டு வீட்டிலும் கை நனைத்தவள் முத்துராணி. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டை விட்டால் அந்த ஊருக்குள் மறுபடி எந்த முகத்தோடு போவது?

ஆகவே டவுனில் இரண்டு எவர்சில்வர் குடங்கள் வாங்கி, ஒன்றில் பேச்சிராஜ் என்றும் மற்றதில் பிச்சை என்றும் பேர் வெட்டச் சொல்லி, கைக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்குமா? "தாமிரவருணிக்கே தண்ணி கொண்டு போறியளாக்கும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. முத்துராணியும் சிரித்தாள். சிரிக்கும்படியான காலம்தான் அது அவளுக்கு.

முப்பத்திரண்டு வயதில், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர் அவள். ஏழு வருஷமாகச் செய்துவரும் ஆராய்ச்சி முடியும் கட்டத்தில் இருந்தது. தாமிரபரணிக் கரை ஊர்களில் அறுபது வருஷத்தில் குடும்பங்கள் எப்படி மாறின, யார் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எப்போதிலிருந்து குறைத்துக்கொண்டார்கள், ஏன் குறைத்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். பேட்டையில் இருக்கும் அவள் அம்மா இதையே வேறு மாதிரி சொல்வாள்: "ஊர்ல உள்ளவ பிள்ளையெல்லாம் எண்ணிக்கிட்டு அலையுதா. தனக்கு ஒண்ணு வேணும்னு நெனப்பில்ல."

வழிகாட்டி பேராசிரியர் கோபாலசுப்பிரமணியன். கல்லிடைக்குறிச்சிக்காரர். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. களத்துக்குப் போகும் மாணவர்களுக்கு அவர் சொல்லும் முதல் விதி: பெண்களைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி இருந்தால் பேச்சு மாறும், மாமியார் இருந்தால் வாயே திறக்காது. அக்கம்பக்கத்தை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தாத குறையாக உட்கார்ந்து கேட்டால்தான் உண்மை வரும் என்பார். முத்துராணி அந்த விதியிலிருந்து இம்மி பிசகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தவர்களைக்கூட "பைய வாரேன், இப்பம் போங்க" என்று விரட்டியிருக்கிறாள்.

அந்த உழைப்புக்குப் பலனும் கிடைத்தது. பள்ளத்தாக்கு முழுக்கக் குடும்பம் சுருங்கிக்கொண்டே வர, நெடுங்காலில் மட்டும் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு வழக்கத்தைவிட அதிகப் பிள்ளைகள் இருந்தன. பேராசிரியருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கால்வாய்ப் பாசனம், இரண்டு போகம், நடவுக்கு ஆள் தேவை, ஆகவே பிள்ளைகள் அதிகம் என்று அவர் வழி சொல்ல, முத்துராணி ஒரு தடித்த அத்தியாயமே எழுதிவிட்டாள். மே மாதத்துக்குள் சமர்ப்பித்துவிட்டால், ஜூனில் கல்லூரி எடுக்கப்போகும் நிரந்தர வேலைக்கு அவளும் தகுதி. மே முடிவில் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் வேறு வழிகாட்டி, வேறு வழி, இன்னும் இரண்டு வருஷம். வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

நெடுங்காலில் இறங்கியபோது ஒலிபெருக்கி ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு பந்தல்தான் தெரிந்தது. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாச்சி, இன்னொரு பந்தல் எங்கன போட்டிருக்காவ?" என்று கேட்டாள்.

"எந்த இன்னொரு பந்தல்?"

"மாரிக்கண்ணு அக்கா வீட்டுக் கல்யாணம்."

"இதுதான் மாரிக்கண்ணு வீட்டுக் கல்யாணம்."

"அப்பம் சுடலைவடிவு அக்கா வீட்டுக் கல்யாணம்?"

"அதுவும் இதுதாம்மா" என்றார் அவர், வெயிலில் வந்த பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது போல என்று நினைத்து, "முதல்ல உள்ள போயி ஒரு கலரு குடி" என்றார்.

மணவறையில் ஒரே ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் சுடலைவடிவு, அந்தப் பக்கம் மாரிக்கண்ணு. இரண்டு பேருக்கும் ஒரே ரகப் பட்டு, ஒரே அளவு மல்லிகைப்பூ, ஒரே அழுகை. அழைப்பு வந்த திசைக்கெல்லாம் அவன் திரும்பினான். ஒரு பக்கம் "லே பேச்சிராசு", மறுபக்கம் "ஏலே பிச்சை". தாலி கட்டி முடிந்ததும் இரண்டு தாய்களும் முத்துராணியைப் பார்த்து ஓடி வந்தார்கள். இரண்டு குடங்களையும் பார்த்துவிட்டு மாரிக்கண்ணு கைகொட்டிச் சிரித்தாள்.

"ஏளா வடிவு, டீச்சர் எவ்வளவு மரியாதை தெரிஞ்சவ பாரு. பெத்தவளுக்கு ஒண்ணு, வாங்குனவளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு குடம் கொண்டாந்திருக்கா!"

"வாங்குனவளா?" என்றாள் முத்துராணி.

"ஆமா. வடிவு பெத்தா, நான் வாங்குனேன். ஒரு நாழித் தவிடு குடுத்து, அரிசி புடைக்கிற சுளவுல கிடந்த பிள்ளைய எடுத்துக்கிட்டு எங்க வீட்டு வாசப்படி ஏறுனேன். பொறவு பால் குடுக்கணும்லா, அதனால வளக்குறதுக்கு அவகிட்டயே குடுத்துட்டேன். பேரு நான் வச்ச பேருதான், வாங்குன பிள்ளைக்கு வைக்கிற பேரு. பிச்சை."

"அப்பம் நான் உங்க வீட்டுக்கு வந்து, எத்தனை பிள்ளையன்னு கேட்டப்ப..."

"இவனையும் சேத்துத்தான் சொன்னேன். பின்ன சேக்காம? விலை குடுத்துல்லா வாங்கியிருக்கேன்!"

"எனக்கு ஏன் இதைச் சொல்லல?"

"சொன்னேம்லா! இவன் தவிட்டுக்கு வாங்குனவன்னு சொன்னேன். நீங்கதான் சிரிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டிய."

முத்துராணிக்கு ஞாபகம் வந்தது. சிரித்ததும் ஞாபகம் வந்தது. சிரிக்காமல் என்ன செய்வாள்? பேட்டையில் அவள் சேட்டை செய்த போதெல்லாம் "உன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதைக் கேட்டு அழாத பிள்ளை உண்டா? தூரதேசத்திலிருந்து ஒருவன் வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால், தவிடு என்றால் என்ன, வாங்குவது என்றால் என்ன என்று குடைந்து எடுத்திருப்பான். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்ததுதான் அவள் கண்ணைக் கட்டியது. தனித்தனியாகக் கேட்டதால் அதைத் திருத்தவும் பக்கத்தில் ஆளில்லை.

இலையில் சாம்பார் விழுந்தது, ரசம் விழுந்தது, பாயசம் விழுந்தது. எதுவும் உள்ளே இறங்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் பந்தியிலேயே எழுந்து நின்று, "இங்கன வேற யாரெல்லாம் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைய?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள்.

பந்தி ஒரு நிமிஷம் திகைத்தது. பிறகு சிரிப்பும் கும்மாளமுமாக ஒவ்வொரு கையாக எழுந்தது. வாளியோடு நின்ற சமையல்காரர் கரண்டியைத் தூக்கினார். முறுக்கு மீசைக்காரர் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு தூக்கினார். சந்தனக் கிண்ணத்துக்காரர் இரண்டு கையையும் தூக்கி, "என்னைய ரெண்டு தடவ வித்தாவ, முதல் தடவ வாங்குனவ தவிடு பாக்கி வச்சுட்டா" என்றார். பந்தல் அதிர்ந்தது. முத்துராணி மட்டும் தன் அத்தியாயம் கண் முன்னால் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுங்காலில் அதிகப் பிள்ளைகளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு பிள்ளையை இரண்டு தாய்கள் எண்ணியிருக்கிறார்கள். அவள் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் பேராசிரியர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு அடிக்குறிப்பு போடும்மா. சில குழந்தைகள் ரெண்டு வீட்டிலயும் சொல்லப்பட்டிருக்கலாம்னு ஒரு வரி. அடிக்குறிப்பை எவனும் படிக்கறதில்லை."

"சிலது இல்ல சார். அந்த அத்தியாயமே அவங்கதான்."

"அத்தியாயத்தை எடுத்துட்டா ஆய்வுல என்ன மிஞ்சும்? இந்த ஊர்லயும் குறைஞ்சது, அந்த ஊர்லயும் குறைஞ்சது. அதைச் சொல்ல நீ எதுக்கு, ஏழு வருஷம் எதுக்கு?"

"மறுபடி போய்க் கேக்கேன் சார்."

"எப்போ? மே முப்பத்தொண்ணுக்கு அப்புறம் இந்த நாற்காலி என்னோடது இல்லை. என் கையெழுத்துக்கு மளிகைக் கடைச் சீட்டுலதான் மதிப்பு. புரியறதா?"

புரிந்தது. பயமாகவும் இருந்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, அடிக்குறிப்பைப் போட்டுவிடலாமா என்று அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது. மேலப்பாளையம் வரைக்கும் அந்த வரியை மனதுக்குள் எழுதியும் பார்த்தாள். பிறகுதான் ஒன்று உறைத்தது: வேலை கிடைத்தால் ஓய்வு பெறும்வரைக்கும் அந்தப் பொய் அத்தியாயத்தைத்தானே வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? தினமும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது போலத்தான் அது. அதற்கு இந்த வெயிலில் நெடுங்காலுக்கு அலைவது எவ்வளவோ மேல்.

அலைந்தாள். இந்த முறை யாரையும் தனியாக உட்கார வைக்கவில்லை. மத்தியானச் சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் முறம் மாதிரிச் சுளவு, சுளவில் இலையும் தூளும், கை தன் பாட்டுக்குச் சுற்ற, வாய் தன் பாட்டுக்கு ஊர்வம்பு பேசும். முத்துராணி அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். எத்தனை பிள்ளை என்று கேட்கவில்லை. "இந்தத் தெருவுல யார் யாரைத் தவிட்டுக்கு வாங்கினாவ?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். மடை திறந்தது. ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி மறுக்க, மூன்றாமவள் தீர்ப்புச் சொல்ல, ஒருவர் கதையை ஒருவர் பிடுங்கிக்கொண்டார்கள். யார் நல்ல தவிடு கொடுத்தார்கள், யார் உமியைக் கலந்து ஏமாற்றினார்கள், வாங்கிய பிள்ளை ஆணானாலும் மூக்குக் குத்துவார்களாம், அப்படி யார் பிள்ளைக்குக் குத்தும்போது யார் மயங்கி விழுந்தார்கள் என்று எல்லாம் வந்தது. முத்துராணி சிரித்துச் சிரித்து எழுதினாள்.

"சரி, பேச்சிராசை ஏன் தவிட்டுக்குக் குடுத்திய?" என்று சுடலைவடிவிடம் கேட்டாள்.

சுடலைவடிவின் கை நிற்கவில்லை. ஒரு பீடியைச் சுற்றி முடித்து நூலை இறுக்கினாள். "அவனுக்கு முன்ன ரெண்டு தங்கல, டீச்சர்."

"தங்கலையா?"

"ஒண்ணு மூணு மாசம் இருந்துச்சு. இன்னொண்ணு பத்து நாளு. அதான், இவன் என் பிள்ளை இல்லன்னு எமனுக்குக் காட்டினோம். அடுத்த வீட்டுப் பிள்ளைன்னா விட்டுருவான்லா."

"நான் அன்னைக்குக் கேட்டனே அக்கா, இறந்த பிள்ளை உண்டான்னு. இல்லன்னு சொன்னியளே."

"இருக்கிற பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த வார்த்தைய வீட்டுக்குள்ள சொல்லலாமா?" என்றாள் சுடலைவடிவு. வட்டத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாரிக்கண்ணு தன் சுளவிலிருந்த இலையில் கொஞ்சம் அள்ளி வடிவின் சுளவில் போட்டாள்.

முத்துராணி எழுதுவதை நிறுத்தினாள். பந்தியில் சிரித்துக்கொண்டே கை தூக்கியவர்கள் எல்லாரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கு முன்னாலும் தங்காமல் போன ஒன்றோ இரண்டோ. இந்த ஊர்ப் பெண்கள் எந்தக் கணக்கெடுப்புக்காரனுக்கும் சொல்லாத பிள்ளைகள் அவர்கள். அவள் தப்பாக எண்ணிய பிள்ளைகள்தான், எண்ணாமல் விட்டவர்கள் எங்கே இருந்தார்கள் என்று காட்டிக்கொடுத்தார்கள்.

சித்திரை முழுக்க அவள் தெருத் தெருவாக அந்த வட்டங்களில் உட்கார்ந்தாள். அக்னி நட்சத்திர வெயிலில் கறுத்தும் போனாள். பக்கத்து ஊர்களுக்கும் போனாள். அங்கும் தவிட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், வாங்கினவர்கள் தங்கள் கணக்கில் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மா, "உன்னைய எவன் கட்டுவான்?" என்று புலம்பினாள். கடைசித் தெருவில் கடைசித் தவிட்டுப் பிள்ளை கிடைத்தாள். பிச்சம்மாள் என்ற பெண், ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் பிறகு யாருமே இல்லை.

"ஏன் இவளுக்குப் பொறவு யாரையும் தவிட்டுக்கு வாங்கல?" என்று முத்துராணி கேட்டாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"ஆமா, ஏன் வாங்கல?" என்றாள் ஒருத்தி.

"எல்லாம் தங்கிட்டுல்லா" என்றாள் இன்னொருத்தி, தனக்கே ஆச்சரியமாக.

"தவிடு இப்பம் மாட்டுக்குத்தான்" என்றாள் மாரிக்கண்ணு. சிரிப்பில் பீடி இலைகள் பறந்தன.

அதுதான் அத்தியாயம். முதலில் தவிட்டு வியாபாரம் நின்றது. அது நின்று நாலைந்து வருஷம் கழித்துத்தான் பெண்கள் இரண்டோடும் மூன்றோடும் நிறுத்தத் தொடங்கினார்கள். சுவரில் எழுதிய விளம்பரம் சொன்னதால் அல்ல. பெற்றது தங்கும் என்ற தைரியம் வந்ததால். முத்துராணி பழைய அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மே மாதக் கடைசி வாரத்தில், மறுபடி தட்டச்சு செய்த தாள்களோடு பேராசிரியர் அறைக்குப் போனாள். அலமாரிகள் காலியாகிக்கொண்டிருந்தன. புத்தகங்களைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? உக்காரு. பிடிக்கலேன்னா கையெழுத்துக் கிடையாது, சொல்லிட்டேன்" என்று நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் குத்துவது பற்றிய பத்தி வந்தபோது அவர் விரல் தன் மூக்கின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. ஏழு வருஷமாக அதைப் பார்த்திருக்கிறாள். அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கடைசிப் பக்கத்தை முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். படிக்கவில்லை.

"ஆத்துல என்னைப் பிச்சைன்னுதான் கூப்பிடுவா" என்றார்.

முத்துராணி அந்தத் தழும்பையே பார்த்தாள்.

"எங்களுக்குப் பால் ஊத்தினவா ஒரு அம்மா. ஆவுடையம்மாள்னு பேர். தீபாவளிக்குத் தீபாவளி அவாளுக்கு ஒரு புடவை. அதை என் கையாலதான் குடுக்கணும்பா எங்கம்மா. பால்காரம்மாவுக்கு எதுக்கு என் கையால? நான் கேட்டதே இல்லை. அவாளும் என்னைப் பார்த்தா, 'எம்புள்ள வந்துட்டான்'ம்பா. வாஞ்சையா ஏதோ சொல்றான்னு நினைச்சுண்டிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை அல்ல. "முப்பத்தஞ்சு வருஷமா ஊரார் குடும்பத்தையெல்லாம் ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கேன். எனக்கு முன்னாடி எத்தனை பேர்னு எனக்குத் தெரியாது."

காலி அலமாரிகளைப் பார்த்தார். பிறகு, வெட்கப்படுகிறவர் மாதிரி, "என் கதையையும் இதுல சேத்துக்கோயேன்" என்றார்.

"முடியாது சார்" என்றாள் முத்துராணி. "கல்லிடைக்குறிச்சி நம்ம ஆய்வுல எடுத்த ஊர் இல்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் கடுமையாகி, பிறகு உடைந்து, அறை அதிரச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழியவழியச் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டார்.

"அம்மாவுக்கு எண்பத்தேழு" என்றார், மூடியைத் திருகிக்கொண்டே. "சாயங்காலம் ஊருக்குப் போறேன். கேட்டா சொல்லுவாளா?"

"ஆவுடையம்மா இருக்காங்களா சார்?"

"இருக்கா. காதுதான் மந்தம்."

"அப்பம் உங்கம்மாவைத் தனியா வச்சுக் கேக்காதீங்க சார்" என்றாள் முத்துராணி, தாள்களை அடுக்கிக்கொண்டே. "ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுக் கேளுங்க."

"சரிம்மா" என்றார் பேராசிரியர்.